நறுமண மெழுகுவர்த்திப் பராமரிப்பு

நறுமண மெழுகுவர்த்திப் பராமரிப்பு என்பது, மணப்பொருள் கலந்த மெழுகுவர்த்திகள் புகையின்றியும், மெழுகு வீணாகாமலும், தீ விபத்துக்கு இடம் தராமலும் எரிவதற்காகக் கைக்கொள்ளப்படும் முறைகளைக் குறிக்கும். திரியை நறுக்குதல், முதல் முறை போதிய நேரம் எரியவிடுதல், காற்று வீச்சிலிருந்து சுடரைக் காத்தல், முறையாக அணைத்தல், வெப்பம் தாக்காத இடத்தில் வைத்தல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இம்முறைகள் தனித்தனி விதிகளைப் போலத் தோன்றினாலும், திரி வழியாக மேலேறும் எரிபொருளும் சுடரை வந்தடையும் காற்றும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும் என்ற ஒரே அடிப்படையில் அமைந்தவை ஆகும்.

பெரும்பாலான பராமரிப்புக் குறிப்புகள் குளிர்நாட்டு வீடுகளை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. கோடை வெப்பம் மிகுந்ததும், மின்விசிறி ஏறத்தாழ எந்நேரமும் சுழல்வதுமான தமிழ்நாட்டு வீடுகளில் அவற்றைச் சில மாற்றங்களுடன் பின்பற்ற வேண்டியுள்ளது. சென்னையின் மேற்குப் புறநகரில் அமைந்த வேப்பம்பட்டு போன்ற ஊர்களின் சூழல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

சொற்கள்

தமிழ்நாட்டில் மெழுகுவர்த்தி என்ற சொல் பரவலாக வழங்குகிறது. இலங்கைத் தமிழரிடையேயும் தமிழ்க் கிறித்தவ வழக்கிலும் மெழுகுதிரி என்ற சொல் மிகுதி. 'வர்த்தி' என்பது திரியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. எனவே இரு சொற்களும் ஒரே பொருளைத் தருவன. மணம் சேர்த்தவை பேச்சு வழக்கில் வாசனை மெழுகுவர்த்தி எனப்படுகின்றன. எரியும்போது திரியைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகு இக்கட்டுரையில் மெழுகுக் குளம் எனக் குறிக்கப்படுகிறது.

வரலாறு

ஐரோப்பாவில் நெடுங்காலம் எளிய மக்கள் விலங்குக் கொழுப்பாலான மெழுகுவர்த்திகளையும், தேவாலயங்களும் செல்வர்களும் தேன்மெழுகாலானவற்றையும் பயன்படுத்தினர். கொழுப்பு மெழுகுவர்த்தி புகையும் துர்நாற்றமும் மிக்கது. அதன் திரி முழுமையாக எரியாமல் கரிந்து நீண்டுகொண்டே போகும். ஆகையால் எரியும்போதே அடிக்கடி திரியின் நுனியை வெட்டுவதற்கென்று தனிக் கத்தரிக்கோல்கள் வீடுகளில் இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. பிரெஞ்சு வேதியியலாளர் மிசேல் இயூசின் செவ்ரோல் கொழுப்பிலிருந்து ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1825 ஆம் ஆண்டில் அவரும் கே-லுசாக்கும் அதனைக் கொண்டு மெழுகுவர்த்தி செய்வதற்கான காப்புரிமையைப் பெற்றனர். ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் பின்னல் திரி அறிமுகமானது. பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து, அதன் நுனி சுடரின் வெளிப்புறத்தை எட்டுகிறது. அங்கு வெப்பமும் காற்றும் மிகுதியாக இருப்பதால் நுனி தானே எரிந்து சாம்பலாகிவிடும். இதனால் திரியை ஓயாது வெட்டும் வேலை பெருமளவு குறைந்தது. 1830 இல் கார்ல் ரைசன்பாக் பாரஃபின் மெழுகைக் கண்டறிந்தார். பின்னர் பெட்ரோலியத் தொழில் வளர்ந்தபோது பாரஃபினே மெழுகுவர்த்தியின் முதன்மை மூலப்பொருளாயிற்று.

இந்தியாவில் அசாம் மாநிலத்தின் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை 1901 இல் தொடங்கப்பட்டது. பாரஃபின் மெழுகு அதன் அறியப்பட்ட விளைபொருள்களுள் ஒன்றாகும். தமிழ்நாட்டில் 1965 இல் சென்னை சுத்திகரிப்பு நிறுவனமாகத் தோன்றி, பின்னர் சென்னை பெட்ரோலியம் கழகம் எனப் பெயர் மாற்றப்பட்ட நிறுவனத்தின் மணலி ஆலையிலும் பாரஃபின் மெழுகு உற்பத்தியாகிறது.

தமிழ்நாட்டில் மெழுகுவர்த்தியின் பயன்பாடு இரு வகைகளில் வேரூன்றியது. ஒன்று வழிபாடு. வேளாங்கண்ணி உள்ளிட்ட திருத்தலங்களில் மெழுகுவர்த்தி ஏற்றுவது முக்கிய நேர்ச்சையாக உள்ளது. மற்றொன்று மின்தடை நேரத்து வெளிச்சம். கண்ணாடிக் கலனில் வார்த்த நறுமண மெழுகுவர்த்தி இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகையாக, அண்மைக் காலத்தில் அன்பளிப்புப் பொருளாகவும் வீட்டு அலங்காரப் பொருளாகவும் பரவியுள்ளது. மல்லிகை, சந்தனம், வெட்டிவேர், எலுமிச்சம்புல் போன்ற மணங்களில் இவை கிடைக்கின்றன.

எரியும் விதம்

மெழுகுவர்த்தியில் எரிவது திரியன்று. மெழுகும் திண்ம நிலையிலோ நீர்ம நிலையிலோ எரிவதில்லை. சுடரின் வெப்பத்தால் மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகு நுண்புழை ஏற்றத்தால் திரியில் மேலேறி, நுனியருகே ஆவியாகிறது. அந்த ஆவியே காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்ந்து எரிகிறது. இங்கிலாந்து அறிவியலாளர் மைக்கேல் பாரடே இலண்டனில் இளையோருக்கு ஆற்றிய கிறித்துமசு விரிவுரைகளில் இதனை எளிய சோதனைகளால் விளக்கினார். 1860-61 குளிர்காலத்தில் நிகழ்ந்த ஆறு விரிவுரைகள் 1861 இல் நூலாக வெளிவந்தன.

சுடரின் மஞ்சள் ஒளிக்குக் காரணம் கரித்துகள்களே. மெழுகு ஆவி வெப்பத்தால் சிதைந்து மிக நுண்ணிய கரித்துகள்களாகிறது. அவை சூடேறி ஒளிர்கின்றன. சுடரின் ஓரத்தை அடையும்போது போதிய காற்று இருந்தால் அத்துகள்கள் முழுமையாக எரிந்து கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடும். ஆவி மிகுந்து காற்று போதாமல் போனாலோ, காற்று வீச்சால் சுடர் குலைந்து குளிர்ந்தாலோ அவை எரியாமல் வெளியேறும். கண்ணாடியின் விளிம்பிலும் சுவரிலும் படியும் கருப்புக் கரி இதுவேயாகும்.

ஒரு கிராம் பாரஃபின் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 12 இலிட்டர் காற்று தேவை என்று வேதிச் சமன்பாட்டிலிருந்து கணக்கிடலாம். மணிக்குச் சுமார் 5 கிராம் மெழுகை எரிக்கும் மெழுகுவர்த்தி 60 இலிட்டர் காற்றிலுள்ள ஆக்சிசனைப் பயன்படுத்துகிறது. அது வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 60 வாட் ஆகும். அறை முழுவதற்கும் இது சிறிய அளவே. ஆயினும் ஆழமான, வாய் குறுகிய கண்ணாடிக் கலனின் அடியில் எரியும் சுடருக்கு இக்காற்று எளிதிற் கிட்டுவதில்லை. பாதிக்கு மேல் எரிந்த மெழுகுவர்த்தி புதியதைவிட அதிகமாகப் புகைவதற்கு இது ஒரு காரணம்.

மெழுகில் பொதுவாக 6 முதல் 10 விழுக்காடு வரை மணத்தைலம் சேர்க்கப்படுகிறது. மணப்பொருளும் நிறமும் மெழுகைப் போல எளிதாகத் திரியில் ஏறி எரிவதில்லை. அவற்றின் எச்சம் திரியின் நுனியில் சேர்ந்து காளான் வடிவில் கரிமொட்டாகத் திரள்கிறது. பின்னல் திரி வந்தபின் குறைந்துபோன நறுக்கும் வேலை, நறுமண மெழுகுவர்த்திகளில் மீண்டும் இன்றியமையாததாக ஆனதற்கு இதுவே காரணம்.

மெழுகு வகைகள்

- பாரஃபின்: பெட்ரோலியத்திலிருந்து பெறப்படுவது. வகைக்கேற்ப 46 முதல் 68 பாகை செல்சியஸ் வரை உருகுநிலை கொண்டது. விலை குறைவு, மணத்தை நன்கு வெளிவிடும்.
- சோயா மெழுகு: சோயா எண்ணெயை ஐதரசனேற்றிப் பெறப்படுவது. 1990களில் புழக்கத்துக்கு வந்தது. கலன்களில் வார்க்கப்படும் வகைகள் பெரும்பாலும் 50 பாகையை ஒட்டி உருகும் மென்மையானவை.
- தேன்மெழுகு: 62 முதல் 64 பாகையில் உருகுவது. இயல்பாகவே இளமணம் கொண்டது. விலை மிகுதி.
- கலவை மெழுகுகள்: பாரஃபின், சோயா, தேங்காய் மெழுகு, பாமாயில் மெழுகு முதலியவற்றைப் பல விகிதங்களிற் கலந்து செய்யப்படுபவை.

உருகுநிலை குறைந்த மெழுகு அகன்ற குளத்தை விரைவில் உண்டாக்கும். ஆனால் வெப்பமான ஊர்களில் சேமிப்பின்போதே இளகிவிடும் வாய்ப்பும் அதற்கே அதிகம்.

பராமரிப்பு முறைகள்

திரியை நறுக்குதல்

ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் பருத்தித் திரியைச் சுமார் 6 மில்லிமீட்டர் உயரத்துக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் அரிசியின் நீளத்துக்கு, நறுக்க வேண்டும். மரத்திரியாயின் 3 முதல் 5 மில்லிமீட்டர் போதுமானது. நீண்ட திரி தேவைக்கு மேல் மெழுகை ஏற்றிச் சுடரைப் பெரிதாக்கும். அச்சுடர் ஆடிப் புகையும். அளவு மீறி ஒட்ட நறுக்கினால் திரி மெழுகுக் குளத்தில் மூழ்கி அணைந்துவிடும்.

இதற்கெனச் சாய்ந்த வாயுடைய கத்தரிக்கோல்கள் விற்கப்படுகின்றன. அவை இல்லாதவிடத்து நகவெட்டியே போதுமானது. மெழுகு முற்றிலும் ஆறி இறுகிய பின்னரே நறுக்க வேண்டும். நறுக்கிய துணுக்கையும் தீக்குச்சித் துண்டையும் கலனுக்குள் விடலாகாது. அவை மெழுகை உறிஞ்சி இரண்டாவது திரியாக எரியத் தொடங்கும்.

தமிழர் இல்லங்களில் எண்ணெய் விளக்கின் திரியைத் தூண்டுகோலால் முன்னே தள்ளிவிடும் பழக்கம் உண்டு. எண்ணெய் விளக்கில் எண்ணெய் மட்டம் தாழத் தாழத் திரி உள்ளே கரிந்து எரிபொருள் குறைவதால் அதனைத் தூண்ட வேண்டியுள்ளது. மெழுகுவர்த்தியில் நிலை இதற்கு மாறானது. மெழுகு கரையக் கரையத் திரி தானாகவே வெளிப்படுகிறது. அதனால் இங்குத் திரியை நீட்டுவது தவறு, குறைப்பதே முறை.

முதல் எரிப்பு

முதல் முறை ஏற்றும்போது மெழுகுக் குளம் கலனின் விளிம்பு வரை பரவும் வரை அணைக்கக் கூடாது. கலனின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் (2.5 செ.மீ.) ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. 7.5 செ.மீ. விட்டமுள்ள கலனுக்குச் சுமார் மூன்று மணி நேரம் தேவைப்படும். இடையில் அணைத்தால் உருகிய நடுப்பகுதி மட்டும் பள்ளமாக இறுகிவிடும். அடுத்த முறை அப்பள்ளத்துக்குள்ளேயே சுடர் எரிவதால் வெப்பம் ஓரத்தை எட்டாது. நாளடைவில் நடுவில் கிணறு போன்ற குழி உண்டாகி, ஓரத்து மெழுகு எரியாமலே எஞ்சும். ஆகவே முதல் எரிப்புக்கு நேரம் இருக்கும் நாளிலேயே புதிய மெழுகுவர்த்தியைத் தொடங்குவது நன்று.

எரிக்கும் நேரம்

ஒரு முறைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை. அதற்கு மேல் கரிமொட்டு பெரிதாகும். கலன் மிகச் சூடேறும். மணத்தைலமும் வீணாக ஆவியாகும். தொடர வேண்டுமாயின் அணைத்து, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, திரியை நறுக்கி மீண்டும் ஏற்றலாம். மணத்தைப் பரப்புவது சுடரின் பருமனன்று, மெழுகுக் குளத்தின் பரப்பே. எனவே மணம் குறைவாக இருப்பதாகக் கருதித் திரியை நீளமாக விடுவதால் புகைதான் கூடும்.

காற்று வீச்சு

சுடர் அசையாமல் நீர்த்துளி வடிவில் நிற்பதே சீரான எரிப்பின் அடையாளம். மின்விசிறிக்கு நேர் கீழும், குளிரூட்டியின் வாய்க்கு எதிரிலும், சன்னலோரத்திலும் வைத்த மெழுகுவர்த்தியில் சுடர் ஒரு பக்கமாகச் சாயும். அப்பக்கத்து மெழுகு விரைந்து உருகும்; கண்ணாடியின் அப்பக்கம் கரி பிடிக்கும். சில வேளைகளில் ஒரே இடத்தில் வெப்பம் தாக்கிக் கண்ணாடி விரிசலுறும். மாறாக, முழுவதும் அடைத்த சிறு அறையும் ஏற்றதன்று. வீச்சில்லாத, ஆனால் காற்று மாறும் அறையே தக்கது. குளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உருவானால், அணைத்து ஆறிய பின் கலனைப் பாதி திருப்பி வைத்து அடுத்த முறை ஏற்றலாம்.

அணைத்தல்

விளக்கை வாயால் ஊதி அணைக்காமல் 'குளிரவைக்க' அல்லது 'மலையேற்ற' வேண்டும் என்பது தமிழ் இல்லங்களின் மரபு. மெழுகுவர்த்தியிலும் ஊதாமல் அணைப்பதற்குப் பயன் உண்டு. அணைத்தவுடன் எழும் வெண்புகை எரியாத மெழுகு ஆவியாகும். அப்புகைக் கோட்டில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் திரிக்குத் தாவுவதைப் பாரடே தமது விரிவுரையிற் செய்து காட்டினார். ஊதும்போது திரியின் நுனி கனன்றுகொண்டே இருப்பதால் இவ்ஆவி தொடர்ந்து எழுந்து, அறையில் பரவிய நறுமணத்தைக் கெடுத்துவிடுகிறது. மேலும் உருகிய மெழுகு தெறிக்கவும் கூடும்.

கலனின் உலோக மூடியை அல்லது மணி வடிவ அணைப்பானைக் கொண்டு சுடரை மூடலாம். இல்லையேல் ஓர் எவர்சில்வர் கரண்டிக் காம்பால் திரியை மெழுகுக் குளத்தில் அழுத்தி, உடனே நிமிர்த்திவிடலாம். இம்முறையில் புகை மிகக் குறைவு. திரியில் மெழுகு பூசப்படுவதால் அடுத்த முறை எளிதில் பற்றும்.

இறுதி நிலை

கலனில் ஏறத்தாழ 1 முதல் 1.5 செ.மீ. மெழுகு எஞ்சும்போது எரிப்பதை நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே சுடரின் வெப்பம் நேரடியாகக் கண்ணாடியின் அடிப்பகுதியையும் திரியைப் பிடித்திருக்கும் தகட்டையும் தாக்கும். கண்ணாடி வெடிப்பதற்கும், கலன் வைத்த மேசை கருகுவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம்.

குறைகளும் தீர்வுகளும்

- நடுக்குழி: கலனின் வாயைச் சுற்றி அலுமினியத் தாளை மடித்து, நடுவில் அகன்ற துளை விட்டு, விளிம்பு மெழுகு உருகும் வரை எரிக்கலாம். தாள் சூடேறுவதால் வெறுங்கையால் தொடலாகாது. இந்நேரத்தில் அருகிலேயே இருந்து கவனிக்க வேண்டும்.
- மூழ்கிய திரி: அணைத்த பின், உருகிய மெழுகில் சிறிதளவைக் காகிதக் கைக்குட்டையால் ஒற்றியெடுத்தால் திரி வெளிப்படும். எடுத்த மெழுகைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனைக் குப்பையிலேயே சேர்க்க வேண்டும்.
- கண்ணாடியிற் கரி: திரி நீளமாயிருத்தல் அல்லது காற்று வீச்சைக் காட்டும். ஆறிய பின் உலர்துணியால் துடைத்து, திரியை நறுக்க வேண்டும்.
- தைல வியர்ப்பு: வெப்பத்தால் மெழுகின் மேல் மணத்தைலம் துளிகளாக அரும்புவது. ஏற்றுவதற்கு முன் மென்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.
- வெண்பூப்பு: சோயா மெழுகின் மேல் பனி படர்ந்தாற்போல் தோன்றும் வெண்மை. மெழுகு படிகமாவதால் ஏற்படுவது. எரிப்பைப் பாதிப்பதில்லை.
- தூசி: மூடியின்றி வைத்த மெழுகின் மேல் படியும் தூசி திரியின் நுண்துளைகளை அடைக்கும். மூடி வைப்பது மணத்தையும் காக்கும்.

சென்னைப் புறநகர்ச் சூழலில்

வேப்பம்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை - அரக்கோணம் புறநகர் இருப்புப் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் இடையே அமைந்துள்ளது. நாள்தோறும் தொடர்வண்டியில் சென்னைக்கு வேலைக்குச் செல்வோர் மிகுந்த குடியிருப்புப் பகுதி இது. பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டில், தட்டையான காங்கிரீட்டுக் கூரையின் வழி இறங்கும் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது.

சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பநிலை 45 பாகை செல்சியஸைத் தொட்டது. இது நிழலில் அளந்த காற்றின் வெப்பநிலையாகும். மென்மையான பாரஃபின் வகைகளின் உருகுநிலைக்கு அது மிக அருகில் உள்ளது. மெழுகு தன் உருகுநிலையை எட்டும் முன்னரே இளகத் தொடங்குவதால், கோடையில் நெட்டையான மெழுகுவர்த்திகள் நிற்கும் நிலையிலேயே வளைந்துவிடுவதும், கலன்களில் உள்ளவை தைலம் வியர்ப்பதும் இயல்பு. ஆகவே இவ்வூர்களில் பராமரிப்பு என்பது ஏற்றும் வேளையில் அன்றி, வாங்கி வந்த நாளிலிருந்தே தொடங்குகிறது.

மேல்தளத்து வீட்டில் கூரையை ஒட்டிய பரணும், மேற்கு வெயில் படும் சுவரலமாரியும் சேமிப்புக்கு ஏற்றவை அல்ல. தரைத்தளத்தில், உட்சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டே வீட்டில் பெரும்பாலும் குளிர்ந்த இடமாகும். மூடியை இறுக்கி, நிமிர்ந்த நிலையில் வைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்தால் மெழுகு விரைந்து சுருங்கி வெடிப்பதும், கண்ணாடியிலிருந்து விலகுவதும் உண்டு. வெயிலில் நிறுத்திய வாகனத்தில் விட்டுச் செல்வதும் தவிர்க்கத்தக்கது.

மின்விசிறி இங்கு மற்றொரு சிக்கல். விசிறியை நிறுத்தினால் புழுக்கம். ஓடவிட்டால் சுடர் அலையும். விசிறி இல்லாத நடைவழி, முன்கூடத்தின் மூலை ஆகியவற்றில் மெழுகுவர்த்தியை ஏற்றி, மணம் பரவிய பின் அணைத்துவிட்டு விசிறியைப் போடுவது நடைமுறைக்கு ஒத்த வழியாகும். மணம் ஒரு முறை அறையில் நிறைந்தால் சுடர் அணைந்த பின்னும் சிறிது நேரம் நிலைத்திருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழை ஓய்ந்த மாலைகளில் ஈசல்கள் ஒளியை நாடி வீட்டுக்குள் வருகின்றன. அவை மெழுகுக் குளத்தில் விழுந்தால் திரியைப் போலப் பற்றியெரிந்து கரியும் தீய நாற்றமும் உண்டாகும். சுடரை அணைத்து, இடுக்கியால் அவற்றை நீக்கிய பின்னரே மீண்டும் ஏற்ற வேண்டும்.

மின்தடையும் பாதுகாப்பும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாங் புயலின்போதும் சென்னையிலும் புறநகர்களிலும் மின்வழங்கல் பெரிதும் தடைப்பட்டது. இத்தகைய இரவுகளில் வீட்டில் இருக்கும் நறுமண மெழுகுவர்த்திகளையும் வெளிச்சத்துக்காக ஏற்றுவது வழக்கம். ஆயினும் அவை இதற்கு ஏற்றவை அல்ல. கலனின் சுவர் ஒளியை மறைக்கிறது. சுடர் உள்ளே இறங்கியிருப்பதால் வெளிச்சம் குறைவு. மழைக்காக அடைத்த அறையில் பலவற்றை ஒருசேர ஏற்றும்போது கரியும் மணப்பொருள் ஆவியும் தேங்கி, ஆசுத்துமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சுத் தொல்லை தரக்கூடும். மின்கல விளக்கே இவ்வேளைக்குப் பாதுகாப்பானது.

மின்தடையின்போது மெழுகுவர்த்தி ஏற்ற நேர்ந்தால், முதலில் அவ்வறையின் மின்விசிறிப் பொத்தானை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் மின்சாரம் திரும்பியவுடன் விசிறி தானே சுழன்று, திரைச்சீலையையோ கொசுவலையையோ சுடரின் மேல் தள்ளக்கூடும். உறங்கிக்கொண்டிருப்பவர்கள் இதனை அறியமாட்டார்கள். பிற பாதுகாப்பு முறைகள் பின்வருமாறு:

- எரியும் மெழுகுவர்த்தியை ஆளில்லாத அறையில் விட்டுச் செல்லவோ, ஏற்றிவிட்டு உறங்கவோ கூடாது.
- திரைச்சீலை, கொசுவலை, செய்தித்தாள், பூசையறைப் பூமாலை முதலியவற்றிலிருந்து குறைந்தது ஓர் அடி தள்ளி வைக்க வேண்டும்.
- கலனின் அடியில் பீங்கான் தட்டோ ஓடோ வைக்க வேண்டும். நெகிழி மேசை, தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் மேல் வைக்கலாகாது.
- எரிவாயு உருளை மாற்றும்போதும், வாயுக்கசிவின் வாடை வரும்போதும் எந்தச் சுடரையும் ஏற்றக் கூடாது.
- மெழுகு உருகியிருக்கும்போது கலனை இடம் பெயர்க்கக் கூடாது.
- மெழுகுக் குளம் முழுவதும் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் மெழுகின் அடியில் சென்று நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை நாற்புறமும் வீசியடிக்கும். உலோக மூடி அல்லது தட்டால் மூடிக் காற்றைத் தடுப்பதே சரியான வழி.
- சூடான மெழுகு தோலில் பட்டால், ஒட்டிய மெழுகைப் பிய்க்காமல், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் குளிர்விக்க வேண்டும். கொப்புளம் பெரிதாயின் மருத்துவரை நாட வேண்டும்.

தவறான கருத்துகள்

பாரஃபின் மட்டுமே புகையும், சோயா மெழுகும் தேன்மெழுகும் புகையா என்ற கருத்து பரவலாக உள்ளது. எரியும் மெழுகு ஆவி எதுவாயினும் கரித்துகள்களை உண்டாக்கும். மஞ்சள் ஒளி அவற்றிலிருந்தே வருகிறது. திரி நீண்டு சுடர் அலைந்தால் எல்லா மெழுகும் புகையும். தேன்மெழுகுச் சுடர் அறைக்காற்றைத் தூய்மைப்படுத்தும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

இயற்கைத் தைலம் சேர்த்தவை முற்றிலும் தீங்கற்றவை என்பதும் சரியன்று. எலுமிச்சை இனத் தைலங்களில் உள்ள இலிமோனின் போன்ற சேர்மங்கள் காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து பார்மால்டிகைடை உண்டாக்குகின்றன. எனவே மணம் எதுவாயினும் எரித்த பின் அறையின் சன்னலைச் சிறிது நேரம் திறந்து வைப்பது நல்லது.

திரியின் நடுவே ஈயக் கம்பி இருக்கும் என்ற அச்சம் முற்காலத்தில் காரணமுள்ளதாக இருந்தது. அமெரிக்காவில் ஈயக் கம்பித் திரிகள் 2003 இல் தடைசெய்யப்பட்டன. உலோக நடுக்கம்பி உள்ள திரிகளில் தற்போது பெரும்பாலும் துத்தநாகமோ வெள்ளீயமோ பயன்படுகிறது. ஐயமிருப்பின், ஏற்றாத திரியின் நுனியைப் பிரித்து வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்க்கலாம். ஈயம் பென்சில் கோடு போன்ற சாம்பல் நிறத் தடம் விடும்.

கலனின் மறுபயன்பாடு

எரித்து முடித்த கலனில் எஞ்சிய மெழுகை நீக்க, அது ஆறிய பின் வெந்நீர் நிறைந்த பாத்திரத்தில் கலனைப் பாதி மூழ்குமாறு வைக்கலாம். மெழுகு ஓரத்தில் இளகிக் கட்டியாகக் கழன்றுவரும். கலனை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. எடுத்த மெழுகுத் துண்டுகளைத் துணியில் கட்டி அலமாரியில் வைத்தால் மணம் சில வாரங்கள் நீடிக்கும். மெழுகின் எண்ணெய்ப் பசை போகக் கழுவிய கலனைப் பொத்தான், ஊசி நூல் போன்றவற்றை இட்டு வைக்கப் பயன்படுத்தலாம். மணத்தைலத்தின் எச்சம் தங்கக்கூடும் என்பதால் உணவுப் பொருள்களுக்கு அது ஏற்றதன்று.